ஓடை வயலில் இருபது தூர்

என் சித்தப்பா ரென்ஸோ கவாஸின் தன் அறுபத்தோரு வருட வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் கூட்டத்தில் எழுந்து நின்றிருக்கிறார். அப்போதும் அதிகம் பேசவில்லை. ஊறுகாய் பாட்டிலில் கொண்டுபோயிருந்த வாய்க்கால் தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றிக் குடித்தார்.

இங்கம் என்ற எங்கள் கரும்பு ஊரின் மண்டபத்தில் நடந்த கூட்டம் அது. கரும்புக்குப் போடும் தழைச்சத்து மழையோடு வடிந்து ஹெர்பர்ட் ஆற்றில் கலக்கிறது, அங்கிருந்து கடலுக்குப் போய்ப் பவளத் திட்டுகளைக் கெடுக்கிறது, இனி எந்தப் பண்ணையும் வரம்புக்கு மேல் யூரியா போடக்கூடாது என்று சொல்ல அதிகாரிகள் வந்திருந்தார்கள். மண்டபம் கொதித்துக்கொண்டிருந்தது. பின்வரிசையில் இருந்த சித்தப்பா எழுந்து, குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "என் நெலத்துல இருந்து ஒண்ணும் ஒழுகல. ஒழுகியிருந்தா நான்தான் மொதல்ல விழுந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்றாம்.

வண்டியை எடுக்கப் போனபோது வேளாண் ஆலோசகர் ஹெலன் டௌலிங் பின்னாலேயே வந்து, அந்த வாய்க்காலின் வாயில் ஓர் அளவுக் கருவி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாள். சித்தப்பா அந்த இடத்திலேயே சரி என்றார். வீம்புக்கு அல்ல. தன் வாய்க்கால் சுத்தம் என்று உண்மையாகவே நம்பினார்.

அந்த வருடத்தின் முதல் பெருமழைக்குக் கருவி காட்டிய எண், ஹெலன் பயந்ததைவிட அதிகம். கரைந்த தழைச்சத்துக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ருசியும் கிடையாது. சித்தப்பா மூன்று ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குப் பந்து உருட்டப் போகவில்லை. நாலாவது வாரம் ஹெலனுக்கு அவரே போன் செய்து, என்ன செய்யலாம் என்று கேட்டார்.

இதெல்லாம் பக்கத்துப் பண்ணைக் கெவ் எனக்குச் சொன்னது. அப்போது நான் நார்வேயில் ஒரு படகில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஐந்து வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு ஒரு நவம்பரில் நான் டவுன்ஸ்வில் வீட்டுக்குத் திரும்பினேன். பையை இறக்கி வைப்பதற்குள் அப்பா வேலை சொன்னார். சித்தப்பாவுக்கு டிராக்டர் ஓட்ட ஆள் வேண்டும், இரண்டு வாரம் போய் இருந்துவிட்டு வா டெலியா என்றார். சும்மா இருந்தால் எனக்கு இரண்டாவது நாளே கால் அரிக்கத் தொடங்கும் என்பது அவருக்குத் தெரியும். போன பிறகுதான் புரிந்தது, டிராக்டர் மட்டும் காரணமில்லை. அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க அவருக்கு ஒரு கண் வேண்டியிருந்தது.

பண்ணை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சரிபாதி. மரம் வளர்க்கும் ஒரு கம்பெனி முழுவதையும் முப்பது வருடக் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. கொடுத்துவிடலாம் என்பது அப்பாவின் கட்சி. சண்டை முழுக்க ஓடை வயலைச் சுற்றித்தான். பதினோரு ஹெக்டேர், பண்ணையிலேயே தாழ்ந்த இடம், பிசினாகப் பிடிக்கும் களிமண். ஆலையின் முறைப்படி அந்த வயலுக்கு வெட்டு கடைசியில்தான் வரும், நவம்பர் நடுவில். வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்த்து, உரம் போட்டு நிமிர்வதற்குள் பருவமழை தலைமேல் வந்து நிற்கும். போட்ட யூரியாவில் ஒரு பங்கு தண்ணீரோடு ஓடிவிடும். தேங்கிய சேற்றில் இன்னொரு பங்கு காற்றாகிப் போய்விடும். மிச்சம் இருப்பதைத்தான் கரும்பு தின்னும். என் தாத்தா இதற்குக் கண்ட வழி, இரண்டு மடங்கு போடுவது. இப்போது வரம்பு வந்துவிட்டது. இரண்டு மடங்கு போடாமல் ஓடை வயல் விளையாது, ஓடை வயல் விளையாமல் இந்தப் பண்ணை நிற்காது, வீம்பு பிடிக்காமல் கொடுத்துவிடு என்றார் அப்பா. ஒரு வருடம் பொறு என்றார் சித்தப்பா.

நான் போன அன்று மத்தியானம் சமையலறை மேஜையில் போனை ஸ்பீக்கரில் போட்டு இருவரும் பேசினார்கள். சித்தப்பாவுக்கு இடது காது கேட்காது. இருபது வருடம் வெட்டு எந்திரத்தின் பக்கத்திலேயே டிராக்டர் ஓட்டியதில் போனது. போனை வலது பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"எண்பது," என்றார் அப்பா. "ஓடை வயல்ல ஹெக்டேருக்கு எண்பது டன் எடுத்துக் காட்டு. அப்புறம் ஜென்மத்துக்கும் குத்தகைப் பேச்சு எடுக்கமாட்டேன்."

"எடுக்கலேன்னா?"

"எடுக்கலேன்னா கையெழுத்துப் போடணும்."

"சரிண்ணே," என்றார் சித்தப்பா. வெட்டி வைத்திருந்த சலாமி இறைச்சித் துண்டு ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அந்தப் பண்ணை போனால் அவருக்கு வேறென்ன இருக்கிறது என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. ஒன்றும் இல்லை. பிறந்தது அந்த வீட்டில். பதினெட்டு வயதிலிருந்து தினமும் விடிந்ததும் பூட்ஸை மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்திருக்கிறார். இடையில் ஒருமுறை டல்லியில் வாழைத்தோட்டக்காரர் மகள் ஒருத்தியோடு நிச்சயமாயிற்று. அவள் அப்பாவுக்கு மகன் இல்லை, மாப்பிள்ளை டல்லிக்கு வந்துவிட வேண்டும் என்று பேச்சு. சித்தப்பா போனார். பதினோரு நாளில் திரும்பி வந்தார். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "அங்க மண்ணு செவப்பு" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஹெலன் சொன்ன வழி, தோல் போர்த்திய யூரியா. ஒவ்வொரு குருணையின் மேலும் பச்சை நிறத்தில் மிக மெல்லிய தோல். மண்ணின் ஈரம் அந்தத் தோல் வழியே உள்ளே போய் யூரியாவைக் கரைக்கும்; கரைந்தது அதே தோல் வழியே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியும். மண்ணில் சூடு ஏற ஏறக் கசிவும் வேகமாகும். பையில் தொண்ணூறு நாள் என்று போட்டிருந்தது. அது குளிர்ந்த ஊரில் அளந்த கணக்கு, நம் மண்ணுக்கு அறுபது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் ஹெலன். அறுபது நாள் என்றாலும், மழை கொட்டித் தீர்க்கிற வாரங்களில் பெரும்பங்கு தோலுக்குள் பத்திரமாக இருக்கும். அதனால் அளவையும் குறைக்கலாம்: ஹெக்டேருக்கு நூற்றைம்பது கிலோ தழைச்சத்துக்குப் பதில் நூற்றுப் பத்து.

சித்தப்பாவுக்கு இது உடனே பிடித்துப்போயிற்று. "சாதா யூரியா கல்யாண விருந்து மாதிரி, ஒரே நாள்ல அத்தனையும் காலி. இது டிபன் டப்பா. தெனம் கொஞ்சம்," என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவர் இவ்வளவு பேசி யாரும் பார்த்ததில்லை.

எங்கள் சாலையில் பண்ணை வைத்திருப்பவர்கள் சும்மா விடுவார்களா? பை வந்து இறங்கிய அன்றே கெவ் வந்து ஒரு பிடி பச்சைக் குருணையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"என்னய்யா ரென்ஸோ, மாலை கோக்கப் போறியா? யாருக்கு, டல்லிக்காரிக்கா?"

"ஒன் பொண்டாட்டி கேட்டா, அதான்," என்றார் சித்தப்பா.

அன்று முதல் கிளப்பில் அவருக்குப் பாசிமணி என்று பெயர்.

டிசம்பர் மூன்றாம் தேதி உரம் வைத்தோம். பையின் பக்கவாட்டில் மென்மையாகக் கையாளவும், உராய்வு கூடாது என்று அச்சடித்திருந்தது. நான் வாசித்துக் காட்டினேன். யூரியாவை என்ன முட்டை மாதிரியா தூக்க வேண்டும் என்று சிரித்தார். ஆனாலும் சொன்னபடியே செய்தார். பெரிய பையைப் பளு ஏற்றும் எந்திரத்தில் தூக்கி, உரப்பெட்டியின் வாய் மட்டம்வரை இறக்கி, தொட்டுவிடும் தூரத்தில் வைத்துத்தான் அடிக்கயிற்றை அவிழ்த்தார். ஒரு குருணைகூட உயரத்திலிருந்து விழக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

எங்கள் உரப்பெட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஈரக் காற்றில் யூரியா ஒரு வாரம் இருந்தால் கல்லாகிவிடும். அதனால் இந்தச் சாலையில் எல்லார் பெட்டியிலும் அடியில் கட்டி உடைக்கும் தண்டு ஒன்று உண்டு. குறுக்கே ஓர் இரும்புத் தண்டு, அதில் விரல் விரலாகப் பற்கள். சக்கரம் உருள உருள அதுவும் சுழன்று கட்டிகளை நொறுக்கிக் குழாயில் தள்ளும். எங்கள் தண்டு தாத்தா பற்றவைத்தது, பழைய டிராக்டரின் அச்சில் பரம்புப் பற்களை ஒட்டிச் செய்தது. சாலையிலேயே நல்ல தண்டு என்று பேர். கெவ் வீட்டார் இரவல் வாங்கிப் போவார்கள். பெட்டி என்றால் தண்டும் சேர்த்துத்தான். வீட்டுக்குள் போகிறவன் கதவு இருக்கிறதா என்று பார்ப்பானா?

நான் டிராக்டர் ஓட்டினேன். முன்னால் போகும் தட்டு ஒவ்வொரு தூரையும் நடுவில் பிளக்கும், குழாய் அந்தப் பிளவில் குருணையைப் போடும், பின்னால் வரும் சக்கரம் மண்ணை மூடி அழுத்தும். சித்தப்பா பெட்டிக்கு வலப்புறமாகச் சற்றுப் பின்னாலேயே நடந்து, இருபது அடிக்கு ஒருமுறை குனிந்து பிளவு மூடியிருக்கிறதா என்று விரலால் குத்திப் பார்த்தார். பெட்டிக்குள்ளிருந்து சன்னமாகக் கரகரவென்று ஒரு சத்தம், அப்பளம் நொறுக்குகிற மாதிரி வந்துகொண்டே இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது. அவருக்கு அது கேட்டிருக்காது. அவருடைய கேட்காத காதுதான் பெட்டிப் பக்கம் இருந்தது.

பம்பு அறைப் பக்கத்து மூலையில் டிராக்டர் திரும்பாது. அங்கே இரண்டு குட்டை வரிசை, மொத்தம் இருபது தூர். அந்த இடத்துக்கு எப்போதும் கையால்தான் வைப்பார். பையின் அடியில் மிச்சமிருந்ததை ஒரு வாளியில் அள்ளி, மண்வெட்டியால் தூரைப் பிளந்து, எண்ணிப் போடுகிற மாதிரி போட்டு, காலால் மூடினார். வெயில் தலையைப் பிளந்தது. விட்டுவிடுங்கள், இருபது தூர்தானே என்றேன். அதுவும் கரும்புதான் என்றார்.

அதன்பின் எங்கள் கையில் ஒன்றும் இல்லை. மண்ணுக்குள் போன குருணையிடம் மெதுவாகக் கசி, வேகமாகக் கசி என்று யாரும் சொல்ல முடியாது. நான் இரண்டு வாரத்தில் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை.

அடுத்த வாரம் ஒரு சிறு மழை. அதற்கடுத்த வாரம் ஓடை வயல் கரும்பச்சையாகிவிட்டது. கெவ்வின் வயலைவிடப் பச்சை. சித்தப்பா காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை போய்ப் பார்த்தார். கிளப்பில் தலையை நிமிர்த்திக்கொண்டு பந்து உருட்டினார். ஹெலன் மட்டும் வந்து பார்த்துவிட்டு மகிழவில்லை. இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு பச்சை வரக்கூடாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விருந்துக்கு வந்தவள் சாப்பாட்டில் குறை சொல்கிற மாதிரி எனக்கு எரிச்சலாக இருந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்த இரண்டாம் நாள் மழை பிடித்தது. நாலு நாளில் முந்நூற்றிருபது மில்லிமீட்டர். ஓடை ஏறி வயலுக்குள் முழங்கால் மட்டம் நின்றது. அளவுக் கருவியின் எண்ணை என் போனில் பார்க்கும் வசதி இருந்தது. இரண்டாம் நாள் கோடு செங்குத்தாக ஏறியது. பழைய இரண்டு மடங்கு யூரியாக் காலத்தில் ஏறிய உயரத்தையே தொட்டது. காட்டலாமா வேண்டாமா என்று அரைநாள் போனைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரே கேட்டார். காட்டினேன். வாங்கிப் பார்த்து, கண்ணாடியைப் போட்டு மறுபடி பார்த்து, திருப்பிக் கொடுத்தார். கருவிக்குள் தண்ணீர் போயிருக்கலாம் என்றேன். கருவி வேலை செய்வதே தண்ணீருக்குள்தான் என்றார்.

தண்ணீர் வடிந்தபின் வாய்க்கால் ஓரத்தில் நுரையோடு நுரையாகப் பச்சைத் தோல்கள் ஒதுங்கியிருந்தன, உள்ளே ஒன்றுமில்லாமல். ஜனவரி கடைசியில் வயல் மஞ்சளாகத் தொடங்கியது. முதலில் கீழ் இலை, பிறகு நடு இலை, பிறகு நின்ற இடத்திலிருந்து பார்த்தாலே தெரிகிற மஞ்சள். வேலிக்கு அந்தப் பக்கம் கெவ்வின் கரும்பு நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் பக்கத்தைப் பார்க்கப் பிடிக்காமல் நான் பம்பு அறை வழியாகச் சுற்றி வந்தேன். அப்போதுதான் மூலையைப் பார்த்தேன். இருபது தூர் மட்டும் பச்சையாக நின்றது. கரும்பச்சை அல்ல, அளவான பச்சை. பக்கத்துத் தூர் மஞ்சள், இது பச்சை. நடுவில் கோடு கிழித்த மாதிரி.

ஹெலனை வரச்சொன்னோம். அவள் முதலில் வயலின் நடுவில் ஒரு தூரைத் தோண்டினாள். கிடைத்த குருணைகளை விரலுக்கிடையில் நசுக்கினாள். எல்லாம் வெறும் தோல், கீறல் விழுந்த தோல். பிறகு மூலைத் தூரைத் தோண்டினாள். அங்கே பாதிக்குமேல் குருணைகள் இன்னும் உருண்டையாக இருந்தன. நசுக்கினால் உள்ளிருந்து சொட்டாகத் தண்ணீர் வந்தது. சில இன்னும் கெட்டியாகவே இருந்தன. ஒரே உரம், ஒரே மண், ஒரே வெள்ளம். மூலைக்கு வேறு ஏதாவது செய்தீர்களா என்று கேட்டாள். கையால் வைத்ததைச் சித்தப்பா சொன்னார். அவள் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றாள்.

கொட்டகையில் ஒரு பையின் அடியில் கொஞ்சம் குருணை மிச்சமிருந்தது. அதில் ஒரு பிடியைப் பெட்டியில் போட்டுச் சக்கரத்தைக் கையால் உருட்டச் சொல்லி, குழாய் வழியே வந்ததை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டாள். இன்னொரு பிடியைப் பையிலிருந்து நேரே எடுத்து இன்னொரு டம்ளரில் போட்டாள். இரண்டையும் சித்தப்பாவின் இரண்டு கையிலும் கொடுத்தாள்.

"ஏதாவது தெரியுதா ரென்ஸோ?"

யூரியா தண்ணீரில் கரையும்போது தண்ணீர் குளிரும். ஒவ்வொரு வருடமும் வாளியில் கரைத்துத் தெளித்த கை அவருடையது. அவர் இரண்டையும் பொத்திப் பிடித்தார். பெட்டி வழியே வந்ததைப் போட்ட வலது கை டம்ளரின் வெளிப்புறம் வியர்க்கத் தொடங்கியது. இடது கை டம்ளரில் பச்சைக் குருணைகள் அடியில் அப்படியே கிடந்தன.

"இது ஜில்லுங்குது," என்றார்.

தண்டின் பற்கள் கட்டியை மட்டுமா உடைத்தன, ஒவ்வொரு குருணையின் தோலையும் கீறிவிட்டிருந்தன. நூற்றுப் பத்துக் கிலோவும் முதல் மழையிலேயே சாதா யூரியாவாகிக் கரைந்து, கரும்பை ஒரு வாரம் விருந்தாளியாக வைத்திருந்துவிட்டு, வெள்ளத்தோடு போய்விட்டது. குறைத்துப் போட்டதால் மிச்சமென்று ஒன்றும் இல்லை. ஹெலன் தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். அவள் வளர்ந்த தெற்கில் யூரியா மணல் மாதிரி உதிர்ந்தே இருக்குமாம். பெட்டிக்குள் இப்படி ஒரு தண்டு இருக்கும் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. எங்களுக்கோ சொல்லத் தோன்றவில்லை.

அந்தத் தண்டை அறுத்து எறிவார் என்று நினைத்தேன். அறுக்கவில்லை. பெட்டியை மூடித் தார்ப்பாய் போர்த்திக் கட்டினார்.

இன்னும் ஒரு கை யூரியா போடலாமா என்றால், வயல் சேறு, டிராக்டர் இறங்காது. இறங்குகிற பதம் வருவதற்குள் கரும்பு அதன் வயிற்றை இடிக்கும் உயரம் போய்விடும். கெவ் ஒருநாள் சாயங்காலம் வந்து, தன்னிடம் சில மூட்டை இருப்பதாகவும், பூச்சிமருந்து தெளிக்கும் ஹெலிகாப்டர்க்காரன் தனக்கு வேண்டப்பட்டவன் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். அன்று பாசிமணி என்று கூப்பிடவில்லை.

"மழை இன்னும் இருக்கு கெவ். மேல தூவினா நேரா வாய்க்காலுக்குத்தான் போகும்."

"போனா போகுது. பாதி நிக்காதா?"

"நான் அந்தத் தண்ணிய எல்லார் முன்னாடியும் குடிச்சவன்யா," என்றார் சித்தப்பா.

கெவ் பியரைக் குடித்துவிட்டுப் போனார்.

பிப்ரவரியிலிருந்து நவம்பர் வரை ஒன்பது மாதம். முடிவு தெரிந்துவிட்டது, ஆனால் வந்து சேரவில்லை. நோய் என்றால் மருந்து தேடி ஓடலாம். இதில் ஓட ஒன்றுமில்லை. அவர் வழக்கம்போல விடிந்ததும் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார். மற்ற வயல்களில் வேலை இருந்தது, செய்தார். ஜூனில் பன்றி அடித்துச் சலாமி போட்டோம். அப்பா போனில் பயிர் எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்பார். நான் சித்தப்பாவிடமே கொடுத்துவிடுவேன். அவர், "நிக்குதுண்ணே" என்பார். பொய்யில்லை, நின்றுகொண்டுதான் இருந்தது. நான் இரண்டு முறை பயணச்சீட்டுப் பார்த்தேன். இரண்டு முறையும் வாங்கவில்லை. நான் அங்கே இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

நவம்பர் பதினைந்தாம் தேதி வெட்டு. சித்தப்பா எந்திரக்காரரிடம் போய், பம்பு அறை மூலையை மட்டும் விட்டுவிடச் சொன்னார். அவர் ஏன் என்று கேட்கவில்லை. பதினோரு ஹெக்டேரும் மொட்டையான பிறகு அந்த இருபது தூர் மட்டும் ஆள் உயரத்துக்கு மேல் தனியாக நின்றது. ஆலையின் எடை மறுநாள் காலை வந்தது. ஹெக்டேருக்கு அறுபத்தொன்று.

ஞாயிற்றுக்கிழமை அப்பா காகிதங்களோடு வந்தார். சாப்பாட்டுக்கு முன் சித்தப்பா அவரை மூலைக்கு அழைத்துப் போனார். நானும் பின்னால் போனேன்.

"இதும் அதே உரம்தாண்ணே. அதே அளவு. பெட்டிக்குள்ள போகல, அவ்வளவுதான் வித்தியாசம்."

அப்பா சுற்றி வந்து பார்த்தார். அவரும் அந்த வயலில் வளர்ந்தவர்தான். ஒரு கரும்பைப் பிடித்துக் கணுவை எண்ணினார், தோகையை இழுத்துப் பார்த்தார். நல்ல கரும்பு என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

"ரென்ஸோ, இருபது தூருடா."

"தெரியும்."

"பேசினது எண்பது."

"தெரியும்ணே. காட்டணும்னு இருந்துச்சு."

அப்பா தோகையை விடாமல் கையிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு வருடம் கேட்கப்போகிறாயா என்றார். சித்தப்பா ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டு, "கேட்டா குடுப்பியா?" என்றார்.

"கேக்காதடா," என்றார் அப்பா. அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. கம்பெனிக்கு அவர் வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார். கம்பெனி தேதி வைத்திருந்தது. கேட்டால் மறுக்க வேண்டியிருக்கும், மறுக்கவும் அவரால் முடியாது, கொடுக்கவும் முடியாது. சித்தப்பா கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்து, தட்டுகளை ஒதுக்கி, சமையலறை மேஜையில் கையெழுத்துப் போட்டார். வீடும் அதைச் சுற்றி ஒரு ஏக்கரும் அவருக்கு. மற்றதெல்லாம் மரத்துக்கு.

மறுநாள் காலை சத்தம் கேட்டு மூலைக்குப் போனேன். பழைய வெட்டுக்கத்தியால் இருபது தூரையும் தரையோடு வெட்டிக்கொண்டிருந்தார். நுனியைக் கழித்து, தோகையை உரித்து, கட்டுக் கட்டாகத் தூக்கிவந்து பன்றி நிறுக்கும் தராசில் வைத்தார். நான் எடையை வாசித்தேன். மொத்தம் நூற்று நாற்பத்தேழு கிலோ. இடத்தைக் காலடியால் அளந்து, பிறகு நாடாவாலும் அளந்தோம். பதினாறு சதுர மீட்டர். கொட்டகைச் சுவரில் சாக்கட்டியால் வகுத்துப் பார்த்தார். ஹெக்டேருக்குத் தொண்ணூற்றிரண்டு டன்.

தொண்ணூற்றிரண்டு என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். அப்பாவுக்கு இப்போதே போன் செய்யலாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"ஓரத்துக் கரும்புக்கு வெயில் ஜாஸ்தி, டெலியா. காத்தும் ஜாஸ்தி. அதைக் கழிக்கணும்."

எவ்வளவு கழிக்க வேண்டும் என்று கேட்டேன். சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தார்.

"பத்தும் கழிக்கலாம். பதினஞ்சும் கழிக்கலாம்," என்றார். "பத்து கழிச்சா எண்பத்திரெண்டு. பதினஞ்சுன்னா எழுபத்தேழு."

எது சரி என்று சொல்ல யாரிடமும் போக முடியாது. ஹெலனிடம் கேட்டாலும் இரண்டும் சரிதான் என்பாள். அவர் சாக்கட்டியை நிலைச்சட்டத்தின் மேல் வைத்துவிட்டு, கரும்பைக் கெவ்வின் மாடுகளுக்குக் கொண்டுபோய்ப் போடலாம், ஒரு கை பிடி என்றார். தொண்ணூற்றிரண்டை அழிக்கவில்லை. அதற்குக் கீழே வேறு எதுவும் எழுதவும் இல்லை.